அம்புலன்ஸ் கொடுக்க ஆள் உண்டு, ஓட்டக் காசு கொடுப்பது யார்? திருகோணமலைக் கிராமங்களின் அவசர சேவை பற்றி

கொட்டியாரன் (இழையைத் தொடங்கியவர்)

முகநூலில் மறுபடியும் அதே படம். புது வெள்ளை வண்டி, முன்னால் ரிப்பன், பக்கத்தில் ஏழெட்டுப் பேர், அட்டையில் செய்த பெரிய சாவி. எந்த ஆஸ்பத்திரி, யார் கொடுத்தது என்று எழுதப் போவதில்லை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். அந்த வண்டிக்கு இரண்டு வருஷம் கழித்து டயர் போடப் போவது யார், இரவுக்குச் சாரதி இருக்கிறாரா, கூடப் போக ஒரு தாதி இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. படத்துக்குக் கீழே இருநூறு பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் மாகாணத் திணைக்களம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அரசாங்கக் கணக்கில் செலவு இரண்டு வகை. வண்டி, கட்டடம், மெசின் எல்லாம் மூலதனச் செலவு. சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, டீசல், திருத்தவேலை எல்லாம் மீண்டெழும் செலவு. முதலாவதற்கு நன்கொடை வரும், அமைச்சர் வருவார், படம் வரும். இரண்டாவது மாதாமாதம் சத்தமில்லாமல் தேவைப்படும், அதற்கு ரிப்பன் வெட்ட ஒருவரும் வரமாட்டார்கள். நம்முடைய பிரச்சினையில் பெரும்பகுதி இந்த இரண்டாவதில்தான் கிடக்கிறது.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. பிறகு 209 வண்டிகள் சேர்ந்து நாடு முழுவதும் 297 ஆனது. இந்தியாவின் நன்கொடை இரண்டு கட்டமாக மொத்தம் 2 கோடி 20 இலட்சம் டொலருக்கு மேல். 2018இல் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு மன்றமாக ஆக்கப்பட்டது. இன்று அதை ஓட்டுவது நம்முடைய திறைசேரி. இலவச சேவை, நல்ல சேவை, அதில் எனக்கு மறுப்பில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சம் சொச்சம். 297 வண்டியால் பிரித்தால் ஏறத்தாழ 68,500 பேருக்கு ஒன்று. திருகோணமலை மாவட்டத்தில் அப்போது 3 இலட்சத்து 79 ஆயிரம் பேர். அப்படியானால் நமக்கு ஐந்தரை வண்டி. இதையே நிலப்பரப்பால் பிரித்துப் பாருங்கள். நாடு 65,610 சதுர கிலோமீட்டர், ஒரு வண்டிக்கு 220. நம் மாவட்டம் 2,700 சொச்சம். அப்போது பன்னிரண்டு வண்டி வர வேண்டும். ஆள்கணக்குக்கும் தூரக்கணக்குக்கும் நடுவில் இரண்டு மடங்கு வித்தியாசம். எத்தனை வண்டி எங்கே நிற்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தக் கணக்கின்படி நிறுத்துவது என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டை, திரியாய், கோமரங்கடவல, மொரவெவ பக்கத்து ஆட்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள்.

—

கிண்ணியா_நானா

அண்ணன், கணக்கு எல்லாம் சரி. ஆனால் 1990ஐக் குறை சொல்லும் இழையாக இதை மாற்றிவிடாதீர்கள். என் வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த நேரம் ஓட்டோவைத் தேடி ஓடாமல் ஒரு நம்பருக்கு எடுத்தோம். வந்த பிள்ளைகள் ஒட்சிசன் வைத்து, பிரஷர் பார்த்து, ஒரு சதம் வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருபது வருஷத்துக்கு முந்தி கிண்ணியாவில் இருந்தவனிடம் கேட்டுப் பாருங்கள். பாலம் இல்லை, பாதையில், அதாவது வண்டிகளை ஏற்றும் மிதவையில், வண்டியை ஏற்றித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை அந்தப் பக்கம் நின்றால் நோயாளியை வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான். 2009இல் பாலம் திறந்தார்கள். அந்தப் பாலத்தைவிடப் பெரிய அவசர சிகிச்சை எங்கள் ஊருக்கு ஒருவரும் செய்ததில்லை என்று நான் சொல்வேன்.

இன்னொன்று. அவசர சேவை என்றால் வண்டி மட்டுமில்லை. குறிஞ்சாக்கேணியில் பாலம் வேலை இழுபட்டுக் கிடந்ததால்தான் 2021 நவம்பரில் அந்த இழுவைப் படகில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை இழந்தோம். றோட்டும் பாலமும் இல்லாத இடத்துக்கு எந்த அம்புலன்ஸ் கொடுத்து என்ன?

—

வார்டு_அக்கா

நானா சொல்வது உண்மை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் சின்ன ஆஸ்பத்திரிகளில். வெளியில் இருப்பவர்கள் காணாத ஒரு இடைவெளியைச் சொல்கிறேன்.

1990 வண்டியின் முக்கிய வேலை, சம்பவம் நடந்த இடத்திலிருந்து ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவது. அது நடக்கிறது. ஆனால் கிராமத்துப் பக்கத்தில் கொண்டுவரும் இடம் பெரும்பாலும் ஒரு பிரதேச வைத்தியசாலை. அங்கே ஈ.சி.ஜி. எடுக்கலாம், ஊசி போடலாம். சத்திரசிகிச்சை இல்லை, ஸ்கேன் இல்லை, இரத்த வங்கி இல்லை. அங்கிருந்து ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ அனுப்புவதற்கு ஆஸ்பத்திரியின் சொந்த அம்புலன்ஸ்தான் வேண்டும். அதில்தான் எல்லாம் சிக்குகிறது.

இரவு ஒரு மணிக்கு ஒரு தாய் இரத்தப் போக்கோடு வருகிறாள் என்று வையுங்கள். வார்டில் இரண்டு தாதி. டொக்டர் ஒருவர். தாயோடு ஒரு தாதி போக வேண்டும், சில நேரம் டொக்டரே போக வேண்டி வரும். போனால் அவர்கள் திரும்பி வரும்வரை மூன்று நான்கு மணித்தியாலம் அந்த ஆஸ்பத்திரி அரை ஆஸ்பத்திரிதான். அந்த நேரத்தில் இன்னொரு அவசரம் வந்தால் யார் பார்ப்பது? இதற்காகவே வெளிச்சம் வரட்டும் என்று அனுப்பாமல் வைத்திருந்த சம்பவங்கள் எனக்குத் தெரியும். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது, அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு வண்டிகள் நிறைய வந்தன. சிலவற்றுக்கு உதிரிப் பாகம் இங்கே கிடைக்கவே இல்லை. மரத்துக்குக் கீழே நிறுத்தி, பிறகு கோழி அடைகாத்தது. கொட்டியாரன் ஐயா சொன்ன டயர்க் கதை அப்படித்தான் முடியும்.

—

புல்மோட்டைக்_கடல்

திருமலையிலிருந்து எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நிலாவெளி வரைக்கும் ஹோட்டல், வெள்ளைக்காரர், வெளிச்சம் எல்லாம் இருக்கிறது. குச்சவெளி தாண்டினால் இரவில் யானையும் நாமும்தான். இங்கே ஆதார வைத்தியசாலை என்று பலகை இருக்கிறது, பலகைக்கு ஏற்ற விசேட வைத்தியர்கள் எந்நேரமும் இருப்பதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். ஓர் ஊரில் மாதத்துக்குக் கொஞ்ச அழைப்புத்தான் வருகிறது என்றால் வண்டியை அழைப்பு அதிகமான பக்கத்துக்கு நகர்த்தத்தான் யாரும் நினைப்பார்கள், இல்லையா? மேலே இருந்து பார்த்தால் அது நியாயமாகத் தெரியும். ஆனால் அழைப்பு குறைவது எதனால்? வண்டி வர நேரமாகும் என்று தெரிந்தவன் எடுக்கவே மாட்டான், மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். வள்ளத்தில் விழுந்து முதுகு உடைந்த ஒருவரை எங்கள் ஆட்கள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனார்கள். முதுகை ஆட்டக்கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

—

கொட்டியாரன்

புல்மோட்டைத் தம்பி, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையின் உயிர். அழைப்பை எண்ணிக் காசு ஒதுக்கினால் தூரத்து ஊர்கள் எப்போதும் தோற்கும். தீயணைப்புப் படைக்கு எத்தனை தீ பிடித்தது என்று பார்த்தா சம்பளம் கொடுக்கிறோம்? சும்மா நிற்பதும் அந்த வேலையில் அடக்கம். அந்த நிற்கிற நேரத்துக்கு, அதாவது தயார்நிலைக்கு, வரவுசெலவில் தனித் தலைப்பாக ஒரு ஒதுக்கீடு வேண்டும்.

அக்கா சொன்ன இடைவெளிக்கு அரசியலமைப்பில் வேர் இருக்கிறது. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது ஆஸ்பத்திரிகள், கிராமிய ஆஸ்பத்திரிகள், டிஸ்பென்சரிகள் மாகாண சபைக்குரியவை. 1990 மன்றம் மத்திய அரசுக்குரியது. ஆக, வீட்டிலிருந்து சின்ன ஆஸ்பத்திரி வரைக்கும் கொழும்பின் காசு. சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் மாகாணத்தின் காசு. நோயாளி ஒருவர்தான், பை இரண்டு. ஒரு பையில் ஓட்டை என்றால் மற்றப் பை தைத்துக் கொடுக்காது.

மாகாணத்துக்குக் காசு எப்படி வருகிறது? நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, திறைசேரி கொடுக்கும். சம்பளம் போன்றவற்றுக்குத் தொகுதிக் கொடை, அபிவிருத்திக்கு வேறு கொடைகள். ஆணைக்குழு எதைப் பார்த்துப் பகிர வேண்டும் என்று 154ற உறுப்புரையில் இருக்கிறது: சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை, மிகக் கூடிய வருமானமுள்ள மாகாணத்தோடு உள்ள இடைவெளியைக் குறைக்கும் தேவை. நான்கையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். தூரம் என்ற சொல்லே இல்லை. ஏற்றத்தாழ்வு என்ற மூன்றாவதில் தூரத்தையும் சேர்த்து வாசிக்கலாம் என்பது என் கருத்து, ஆனால் அதை யாராவது வாதாட வேண்டும். வாதாட வேண்டிய கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர் நடத்துகிறார். வரவுசெலவுத் திட்டத்தில் வெருகலுக்காக எழுந்து நின்று சத்தம் போட ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லாத நிலையில்தான் இத்தனை வருஷமும் கணக்கு ஓடுகிறது.

—

சிவா_மினசோட்டா

வணக்கம். சொந்த ஊர் உப்புவெளி, இப்போது அமெரிக்காவில் ஒரு சின்னப் பட்டண ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். அமெரிக்காவில் எல்லாம் நன்றாக இருக்கும் என்று இங்கே யாரும் நினைத்தால் அந்த நினைப்பைக் கொஞ்சம் கலைக்கலாம் என்று எழுதுகிறேன். பணக்கார நாடு இதே குழியில் விழுந்த கதை இது.

1966இல் வீதி விபத்து மரணங்கள் பற்றி ஒரு தேசிய அறிக்கை வந்து நாட்டையே உலுக்கியது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் மரணச் சடங்கு நடத்தும் கடைக்காரரின் வண்டிதான் அம்புலன்ஸ். அதில்தான் படுக்க வைக்க இடம் இருந்தது! பிறகு 1973இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அவசர மருத்துவ அமைப்பு என்றால் ஆட்பலம், பயிற்சி, தொடர்பாடல், போக்குவரத்து என்று 15 கூறுகளைப் பட்டியலிட்டு, பிராந்தியம் பிராந்தியமாகக் காசு கொடுத்தார்கள். இன்று இங்கே இருக்கும் அமைப்பின் எலும்புக்கூடு அந்தக் காசில் வந்தது.

1981இல் அந்தத் தனி நிதியை எடுத்து, மற்றச் சுகாதாரச் செலவுகளோடு சேர்த்து ஒரே தொகுதிக் கொடையாக மாநிலங்களிடம் கொடுத்துவிட்டார்கள். எதற்குச் செலவழிப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். பல மாநிலங்கள் வேறு வேலைக்குத் திருப்பின, பிராந்திய அமைப்புகள் பல கரைந்து போயின. கொட்டியாரன் ஐயா, நீங்கள் தொகுதிக் கொடை என்று எழுதியதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பொதுப் பையில் விழுந்த காசை அம்புலன்ஸ் ஒருநாளும் முந்திப் போய் எடுக்காது. தனிப் பெயரில் தனித் தலைப்பாக இல்லாவிட்டால் காணாமல் போகும்.

இன்னொரு சிக்கல், மெடிகேர் என்னும் முதியோர் காப்புறுதி பொதுவாக ஆளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் அம்புலன்ஸுக்குப் பணம் தரும். நின்றதற்குக் காசில்லை. வீட்டிலேயே சிகிச்சை கொடுத்துச் சரியாக்கினாலும் பெரும்பாலும் காசில்லை. கிராமம் என்றால் கட்டணத்தில் 3 வீதம் கூட்டுவார்கள், மிகவும் ஒதுக்குப்புறம் என்றால் அடிப்படைத் தொகையில் 22.6 வீதம். அதுவும் தற்காலிகம், காலக்கெடு முடிய முடிய காங்கிரஸ் நீடிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் பொலிஸ் போல, தீயணைப்புப் போல அம்புலன்ஸ் சட்டப்படி கட்டாய சேவை இல்லை. தொண்டர்களாக ஓடிய விவசாயிகளுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரத்தில்.

நல்ல செய்தியும் ஒன்று. எங்கள் மினசோட்டா மாநிலச் சட்டமன்றம் 2024இல் கிராமப்புற சேவைகளுக்கு 2 கோடி 40 இலட்சம் டொலர் அவசர உதவி ஒதுக்கியது. கூடவே 60 இலட்சத்தில் ஒரு முன்னோடித் திட்டம். நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் தனியாகச் சின்ன வாகனத்தில் மருந்தோடு முதலில் போய்ச் சேருவார், பெரிய வண்டி பின்னால் வரும். வெருகலுக்கு ஒரு மோட்டார் சைக்கிளோடு இதைச் செய்ய முடியாதா?

—

தம்பலகாமத்தான்

எல்லோரும் ஆகாயத்தில் வரைபடம் போடுகிறீர்கள். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாடு இது. அந்த வருஷம் டீசலுக்கு வரிசையில் நின்றோம், அம்புலன்ஸுக்கே எண்ணெய்த் தட்டுப்பாடு. டொக்டர்மார் விமானம் ஏறிக்கொண்டே இருந்தார்கள். இப்போது வந்து தயார்நிலைக்குத் தனி நிதி என்றால் திறைசேரியில் சிரிப்பார்கள். இருக்கிற டிஸ்பென்சரிக்கு மருந்து கேளுங்கள் முதலில்.

—

வெருகல்_பையன்

தம்பலகாமத்து அண்ணா, உங்களுக்குப் பக்கத்திலேயே கந்தளாய், கிண்ணியா, திருமலை மூன்றும் இருக்கின்றன. நீங்கள் டிஸ்பென்சரி பற்றிப் பேசலாம்.

எங்களுக்கு மூதூருக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். தெற்கே போனால் வாகரை, அதற்கப்பால் வாழைச்சேனை, அது வேறு மாவட்டம். மாரி காலத்தில் மகாவலி பெருகினால் வெருகலாறு வயலையும் றோட்டையும் ஒன்றாக்கிவிடும். அந்த நேரம் டிராக்டரும் படையினரின் படகும்தான் அம்புலன்ஸ். இது ஒவ்வொரு மழைக்கும் வரக்கூடிய விஷயம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தது போலத்தான் கூட்டம் போடுகிறார்கள். நவம்பருக்கு முந்தியே ஒரு வண்டியையும் இரண்டு ஆட்களையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் என்ன? அதற்குப் புது வண்டி வேண்டாம். ஆட்களின் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சக் காசும் போதும்.

இன்னொன்று, இங்கே வீட்டு இலக்கம் கிடையாது. 1990க்கு எடுத்தால் இடம் சொல்வதே ஒரு பரீட்சை. அவர்களின் செயலியில் இடம் காட்டலாம் என்கிறார்கள், சிக்னல் இல்லாத இடத்தில் எந்தச் செயலி வேலை செய்யும்? ஆலமரத்தடியில் திரும்பு என்றால் கொழும்புப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்த ஆலமரம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு சந்திக்கும் ஓர் இலக்கப் பலகை நட்டு, அதை அந்த நிலையத்தின் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். பிரதேச சபை ஒரு மாதத்தில் செய்யக்கூடிய வேலை.

—

கிண்ணியா_நானா

பலகை யோசனை நல்லது.

என் பங்குக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல்களில் இறந்தவரைக் கொண்டுபோகும் ஜனாஸா வாகனம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, மாதம் சந்தா கட்டுகிறீர்கள், ஆள் இறந்தால் பந்தல், கதிரை, பெட்டி எல்லாம் வந்துவிடும். ஆள் போன பிறகு தூக்க ஊரே சேர்ந்து ஏற்பாடு வைத்திருக்கிறது. போகாமல் பிடிக்க ஏன் அப்படி ஒரு சங்கம் இல்லை? வீட்டுக்கு மாதம் நூறு ரூபா என்றால், ஆயிரம் வீட்டில் ஒரு இலட்சம். ஒரு சாரதியின் இரவு வேலைக்கும் டீசலுக்கும் கொஞ்சமாவது கைகொடுக்கும்.

—

வெருகல்_பையன்

நானா, யோசனை நல்ல மனதில் வந்தது. ஆனால் கொழும்பில் இருப்பவன் அம்புலன்ஸுக்குச் சந்தா கட்டுகிறானா? மதவாச்சியில்? எங்கள் ஊரில் மட்டும் ஏன் தேங்காய் ஆயும் கூலியாள் நூறு ரூபா கட்ட வேண்டும்? மக்கள் கட்டத் தொடங்கினால், பார்த்தீர்களா அவர்களே சமாளிக்கிறார்கள் என்று மேலிடம் கையைக் கழுவிவிடும். கட்டாத வீட்டில் ஆளுக்கு வருத்தம் வந்தால் சங்க வண்டி என்ன செய்யும், ரசீது கேட்குமா?

—

வார்டு_அக்கா

இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். சங்கக் காசை வண்டிக்குப் போடாமல் பயிற்சிக்குப் போடுங்கள் என்பேன். வண்டி அரசாங்கத்தின் வேலை, முதல் பத்து நிமிஷம் ஊரின் வேலை.

இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறையும். உலகத்தில் எந்த அம்புலன்ஸும் வெருகலில் ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளை நிமிஷத்துக்கு 100, 120 தடவை நெஞ்சை அழுத்தத் தெரிந்திருந்தால் வண்டி வந்து சேரும்போது காப்பாற்ற ஓர் ஆள் இருப்பார். செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது. ஓட்டோக்காரர், கடைக்காரர், மீனவர் சங்கத்தில் இரண்டு பேர், ஜிஎஸ் (கிராம சேவகர்), ஓஎல் பரீட்சை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகள். இவர்களைத்தான் பிடிக்க வேண்டும். டொக்டர்மாரைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை.

பாம்புக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டும், இது நெல் வயல் மாவட்டம். 2012, 13இல் நாடளாவிய ஆய்வு ஒன்று நடந்தது. வருஷத்துக்கு ஏறத்தாழ 80,000 கடி, 400 மரணம் என்று மதிப்பிட்டார்கள். விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. மருந்து இருந்தால் போதும் என்று அரசியல்வாதிகள் நினைக்கிறார்கள். அந்த மருந்தே பலருக்குக் கடும் ஒவ்வாமை கொடுக்கும். பக்கத்தில் அட்ரினலின் எடுத்து வைத்துக்கொண்டு, ஆளைக் கண்காணித்துக்கொண்டு ஏற்ற வேண்டும். ஆள் குறைந்த ஆஸ்பத்திரி அந்தப் பொறுப்பை எடுக்கப் பயந்து மேலே அனுப்பும். மேலே அனுப்ப வண்டி வேண்டும், வண்டியோடு போக ஆள் வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம். கொத்திய இடத்தை வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், விஷக்கல் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இதையும் எழுதிவிட்டேன், யாராவது பிரதி எடுத்து ஊர்க் குழுவில் போடுங்கள்.

—

மட்டுறுத்துநர்

எந்தக் கட்சி எந்த வருஷம் எதைத் திறந்தது என்று வந்த ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை உண்டு. தம்பலகாமத்தான், உங்கள் பதிவை நீக்கவில்லை, அது விஷயத்தோடு இருக்கிறது.

—

தம்பலகாமத்தான்

நீக்காததற்கு நன்றி. வெருகல் தம்பி சொன்ன நவம்பர் ஏற்பாடும் பலகையும் எனக்கு ஏற்புடையவை, ஏனென்றால் இரண்டுக்கும் புதுக் காசு பெரிதாகத் தேவையில்லை. ஆனால் தயார்நிலை நிதி என்று பெரிய சொல் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். தொகையைச் சொல்லுங்கள். ஒரு வண்டியை 24 மணித்தியாலம் ஓட்ட எத்தனை சாரதி, எத்தனை பேர் கூடப் போக வேண்டும், மாதம் எத்தனை லீட்டர்? கணக்குப் பிரிவில் இருந்தவர் அதைப் போட வேண்டும்.

—

கொட்டியாரன்

நியாயமான கேள்வி. ரூபாய்த் தொகையை இங்கே எழுதினால் ஆளுக்கொரு விலை சொல்வீர்கள், அதனால் ஆள்கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் வாரம் 40 மணித்தியாலம் வேலை என்று வைத்தால் ஓர் ஆசனத்தை நிரப்பவே நான்குக்கு மேல் ஆள் வேண்டும். லீவு, சுகவீனம், பயிற்சி சேர்த்தால் ஐந்து. சாரதி ஆசனம் ஒன்று, கூடப் போகிறவர் ஆசனம் ஒன்று. ஒரு வண்டிக்குப் பத்துப் பேர். இப்போது ஆஸ்பத்திரிகளில் ஒரு வண்டிக்கு எத்தனை சாரதி என்று போய்ப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் மேலதிக நேரத்தில் இழுக்கிறார்கள், அந்தக் கொடுப்பனவை மட்டுப்படுத்தச் சுற்றறிக்கை வந்த மாதம் வண்டி நிற்கும். டீசல் இருந்தும் நிற்கும்.

அதனால் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புவோம், அதில் மூன்று விஷயம் மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, இனி மாவட்டத்துக்கு வரும் எந்த நன்கொடை அம்புலன்ஸும் ஐந்து வருஷச் சாரதி, எரிபொருள், திருத்த ஏற்பாடு எழுத்தில் இல்லாமல் பொறுப்பேற்கப்படக்கூடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ரிப்பன் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். இரண்டு, ஆஸ்பத்திரிகளுக்கு இடையில் நோயாளியை மாற்றுவதற்கு மாகாண வரவுசெலவில் தனித் தலைப்பு. சிவா தம்பி சொன்ன 1981 அனுபவத்தை இங்கே பாவிக்கலாம். மூன்று, 1990 வண்டிகளை நிறுத்தும் இடத்தை அழைப்பு எண்ணிக்கையோடு சேரும் நேரத்தையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும், 11 பிரதேச செயலகப் பிரிவுக்கும் தனித்தனியாக அந்த நேரத்தை வெளியிட வேண்டும். மாவட்டச் சராசரி வேண்டாம். பட்டினமும் சூழலும் பிரிவில், அதாவது திருகோணமலை நகரப் பக்கத்தில், எட்டு நிமிஷம், வெருகலில் ஐம்பது நிமிஷம் என்று வைத்தாலும், அழைப்பில் முக்கால்வாசி பட்டினத்தில் என்றால் சராசரி அழகாக இருக்கும்.

நானாவின் சந்தா யோசனையை நான் சேர்க்கவில்லை. வெருகல் தம்பியின் பயம் எனக்கும் உண்டு. அக்காவின் பயிற்சிக்குச் சங்கங்கள் தாமாகக் கொடுத்தால் அது வேறு, கடிதத்தில் எழுத வேண்டியதில்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முந்தி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஆளுநரின் செயலாளருக்கும் நிதி ஆணைக்குழுவுக்கும் பிரதி போக வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும். கோமரங்கடவல, சேருவில, பதவிசிறிபுர மக்களுக்கும் இதே வருத்தம்தான், அங்கிருந்தும் கையெழுத்து வந்தால் இதைத் தமிழ்ப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

—

சிவா_மினசோட்டா

மோட்டார் சைக்கிள் யோசனையை விட்டுவிட்டீர்களே ஐயா?

—

கொட்டியாரன்

விடவில்லை தம்பி. நான்காவதாகப் போட்டால் முதல் மூன்றையும் விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் ரிப்பன் கட்டலாம் அல்லவா.

—

வார்டு_அக்கா

சேருவிலவில் என்னோடு வேலை செய்த ஒரு மிஸ்ஸி (தாதி) இருக்கிறா, சிங்களப் பிரதியை அவ பார்த்துத் தருவா. இரண்டாவது விஷயத்தில் கூடப் போகும் தாதிக்குப் பதில் ஆள் என்பதையும் எழுதுங்கள். வண்டிக்கு ஆள் கிடைத்து வார்டு காலியாக இருந்தால் பயனில்லை.

—

புல்மோட்டைக்_கடல்

மீனவர் சங்கக் கையெழுத்து என் பொறுப்பு. ஆனால் கடிதத்தின் முதல் பந்தியில் வெருகலுக்குப் பக்கத்தில் புல்மோட்டையையும் போடுங்கள். இல்லாவிட்டால் இங்கே ஒருவரும் பேனை எடுக்கமாட்டார்கள்.